ஹரிமோட்டோவின் இரண்டாவது ஆட்டம்

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் 2017இல் நடந்த உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் சுற்றில் ஜுன் மிசுதானி தோற்றுப்போனார். முந்தைய ஆண்டுதான் ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வாங்கியிருந்தார். இந்த ஆட்டத்தில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அவரைத் தோற்கடித்தவர் சீன அணிக்காரர் யாரும் இல்லை. மிசுதானியின் சொந்த நாட்டு அணியிலேயே இருந்த டொமோகாசு ஹரிமோட்டோ. நாலுக்கு ஒன்று என்று செட்களை எடுத்த அந்த வீரருக்குப் பதினான்காவது பிறந்தநாள் வர இன்னும் சில வாரங்கள் பாக்கி இருந்தன. அந்தப் போட்டியில் காலிறுதி வரை போய்த்தான், சீனாவின் சூ சின்னிடம் தோற்று வெளியேறினார். உலக சாம்பியன்ஷிப் காலிறுதியில் அவ்வளவு சின்ன வயதில் அதுவரை யாரும் ஆடியதில்லை.

எடை தூக்குவதிலோ நூறு மீட்டர் ஓட்டத்திலோ இப்படி நடக்க வழியில்லை. பதினாறு வயதில் டெஸ்ட் ஆட வந்த சச்சினைப் பற்றி நாம் இன்னும் வியந்து பேசிக்கொண்டிருக்கிறோம். டேபிள் டென்னிஸில் சிறுவர் சிறுமியர் பெரியவர்களை வீழ்த்துவது அத்தனை அபூர்வம் இல்லை. ஜப்பானின் மிமா இட்டோவும் மியு ஹிரானோவும் சேர்ந்து 2014இல் ஜெர்மன் ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றபோது இருவருக்கும் வயது 13. பிரான்ஸின் ஃபெலிக்ஸ் லெப்ரன் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வாங்கியபோது அவருக்கு 17. இதையெல்லாம் தனிமனித மேதைமை என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிதான் சொன்னதாகும். சின்ன வயதில் வெல்ல இடம் கொடுப்பது இந்த ஆட்டத்தின் அமைப்பு. வென்றதைத் தக்கவைத்துக்கொள்வதற்கு அந்த அமைப்பு எந்த உதவியும் செய்வதில்லை. அதைத் தனியாகத்தான் கற்க வேண்டியிருக்கிறது. ஹரிமோட்டோவின் பத்தாண்டுகளை வரிசையாகப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் தெரிகிறது.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். மேஜையின் நீளம் 2.74 மீட்டர். பந்தின் எடை 2.7 கிராம். இவ்வளவு லேசான பொருளின் மேல் தோள்பலத்தை முழுவதும் காட்ட முடியாது. ஓரளவுக்கு மேல் காற்றே அதன் வேகத்தைத் தின்றுவிடும். இருவரும் மேஜையை ஒட்டி நின்று ஆடினால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அரை நொடிகூட இருக்காது. அந்த இடைவெளியில் யார் முன்கூட்டிப் பந்தைத் தொடுகிறாரோ அவர் கை ஓங்கும். மேஜையில் பட்டு எழும் பந்து உச்சிக்குப் போய் இறங்கும்வரை காத்திருக்காமல், ஏறும்போதே தட்டினால் எதிராளி கொடுத்த வேகமே நமக்குப் பயன்படும். அதற்குப் பலம் தேவையில்லை. கண்ணும் மணிக்கட்டும் சரியான நேரத்தில் சந்தித்தால் போதும். பேக்ஹேண்ட் அடிக்குக் கை பயணப்படும் தூரமும் குறைவு: முழங்கையை அச்சாக வைத்து, உடம்புக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பதின்மூன்று வயதில் இதை உலகத்தரத்தில் செய்ய முடியும். மேஜையிலிருந்து மூன்றடி பின்வாங்கி நின்று, காலை ஊன்றி, இடுப்பைச் சுழற்றி அடிக்கும் ஃபோர்ஹேண்டோ வளர்ந்த உடம்பைக் கேட்கும் அடி. அதனால்தான் எல்லாக் குழந்தை மேதைகளும் மேஜையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

விதிகளும் இதே திசையில்தான் நகர்ந்தன. 2000இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40க்குப் போனது. அடுத்த ஆண்டு, 21 புள்ளி செட் 11 புள்ளி செட்டாகச் சுருங்கியது. 2014இல் செல்லுலாய்டு போய்ப் பிளாஸ்டிக் பந்து வந்தது. சுழற்சி கொஞ்சம் குறைந்தது. சுழற்சியை வைத்துத் தூரத்திலிருந்து மிரட்டிவந்தவர்களின் பிடியும் கொஞ்சம் தளர்ந்தது. பதினோரு புள்ளி செட்டில் பயமறியாத சிறுவன் ஒருவன் மூன்று நிமிடம் தலைதெறிக்க ஆடினால், அனுபவசாலி நிதானத்துக்கு வருவதற்குள் செட் முடிந்துவிடும்.

இனி வீடு. ஹரிமோட்டோவின் அப்பா, அம்மா இருவரும் சீனாவின் சிச்சுவான் மாகாணத்திலிருந்து வந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள். அம்மா 1995இல் தியான்ஜினில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் சீனாவுக்காக ஆடியவர். 1998இல் வடகிழக்கு ஜப்பானின் சென்டாய் நகரத்துக்கு வந்து, அங்கே ஒரு கிளப்பில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். மகன் 2003 ஜூன் 27இல் பிறந்தான்; இரண்டு வயதில் மட்டையைப் பிடித்தான். 2011 நிலநடுக்கமும் சுனாமியும் அந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டபோது அவனுக்கு ஏழு வயது. 2014இல் ஜப்பானியக் குடியுரிமை கிடைத்தது. தொடக்கப்பள்ளிக் காலம் முழுவதும், ஆறு ஆண்டுகளும், தன் வயதுப் பிரிவில் தேசியப் பட்டத்தை அவன் வேறு யாருக்கும் விடவில்லை.

ஜப்பான் ஒலிம்பிக் குழு 2008இல் டோக்கியோவில் ‘எலைட் அகாடமி’ என்ற உறைவிடப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. நாடெங்கிலுமிருந்து பொறுக்கியெடுத்த பிள்ளைகளைத் தேசியப் பயிற்சி மையத்தில் தங்கவைத்து, பக்கத்துப் பள்ளியில் படிக்கவைத்து, மீதி நேரமெல்லாம் ஆடவைக்கும் ஏற்பாடு. 2016இல் ஹரிமோட்டோ வீட்டைவிட்டு அங்கே போனார். அதே ஆண்டு டிசம்பரில் கேப்டவுனில் உலக ஜூனியர் பட்டம். அதை வென்றவர்களிலேயே சின்னவர் அவர்தான். அப்போது வயது 13. அவர் எதிர்த்து ஆடியவர்களில் பலருக்கு மீசை முளைத்திருந்தது. ஆக, சீனப் பள்ளியில் தேறிய பெற்றோர், ஜப்பானிய விளையாட்டு அமைப்பின் காசும் திட்டமும் என்று இரண்டு மரபுகள் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தன. சென்டாயில் பிறந்திருக்காவிட்டால், அல்லது வேறு பெற்றோருக்குப் பிறந்திருந்தால், இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் கண்ணைக் கட்டும் வேகத்தில் ஓடின. 2017 ஆகஸ்டில் செக் குடியரசின் ஓலோமோட்ஸ் நகரில், ஜெர்மனியின் 36 வயது டிமோ போலை இறுதியில் வீழ்த்திப் பட்டம். வயது 14 ஆண்டு 61 நாள். உலகச் சுற்றுப்போட்டியில் ஆண்கள் ஒற்றையரை வென்ற மிக இளையவர். 2018 ஜனவரியில் மீண்டும் மிசுதானியைத் தோற்கடித்து அகில ஜப்பான் சாம்பியன். ஜூனில் கிட்டாக்யூஷுவில் நடந்த ஜப்பான் ஓபனில், ரியோ ஒலிம்பிக் சாம்பியன் மா லோங்கைக் காலிறுதியிலும், லண்டன் ஒலிம்பிக் சாம்பியன் ஜாங் ஜிகேயை இறுதியிலும் வென்றார். ஏழாவது செட் 13-11இல் முடிந்தது. டிசம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆண்டு இறுதிப் போட்டி; லின் காவ்யுவானை வென்று கோப்பை. வயது 15 ஆண்டு 172 நாள். ஒவ்வொரு புள்ளிக்கும் ‘சோ-ரே’ என்று அரங்கம் அதிரக் கத்துவார். உலகமெங்கும் அந்தச் சத்தத்தை வைத்தே அவரை அடையாளம் கண்டார்கள், பிடிக்காதவர்களும் நிறைய. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஒன்றரை ஆண்டு இருக்கையில் ஜப்பானியப் பத்திரிகைகள் தங்கப் பதக்கத்தைக் கிட்டத்தட்ட அவர் கழுத்தில் மாட்டிவிட்டன.

மேதையின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முற்றுப்புள்ளி வைப்பார்கள். ஆய்வுக்குரிய பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

புதிதாக வருகிறவருக்கு ஒரு வசதி உண்டு: அவரை யாருக்கும் தெரியாது. டேபிள் டென்னிஸில் இந்த வசதி எவ்வளவு பெரியது என்பதற்கு நம் நாட்டில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. 1952இல் பம்பாயில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. முதன்முறையாகக் கலந்துகொண்ட ஜப்பான் அணியில் ஹிரோஜி சாட்டோ என்று ஒருவர். மூக்குக்கண்ணாடி, ஒல்லி உருவம், மட்டையில் தடிமனான ஸ்பாஞ்ச். மற்றவர்கள் எல்லோரும் முள்ளு ரப்பர் மட்டையின் ‘டக்’ ஓசையைக் கேட்டே பந்தின் வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள். ஸ்பாஞ்சில் பட்ட பந்து சத்தமே இல்லாமல் வந்தது. ஐரோப்பாவின் பெரிய பெயர்கள் எல்லாம் குழம்பிப்போக, சாட்டோ உலக சாம்பியன் ஆனார். அதன்பின் அவர் அந்தப் பட்டத்தை ஒருபோதும் வெல்லவில்லை. ஸ்பாஞ்ச் என்ன செய்யும் என்று எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மியு ஹிரானோவின் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2017 ஏப்ரலில் சீனாவின் வூஷி நகரில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் டிங் நிங், ஜூ யூலிங், சென் மெங் என்று மூன்று சீன முன்னணி வீராங்கனைகளை அடுத்தடுத்து வீழ்த்திப் பட்டம் வென்றார். போட்டியின் நடுவில்தான் அவருக்குப் பதினேழு முடிந்தது. சீனாவில் அதிர்ச்சி. மறுமாதக் கடைசியில் தொடங்கிய டுசல்டார்ஃப் உலக சாம்பியன்ஷிப்பில் ஹிரானோ அரையிறுதியில் மறுபடியும் டிங் நிங்கைச் சந்தித்தார். இந்த முறை டிங் நிங் 4-1. சில வாரங்களில் பாடத்தைப் படித்து முடித்துவிட்டார்கள்.

சீனர்கள் இதற்கென்று ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு எதிராளி ஒருவரின் பிடி, சர்வீஸ், விருப்பமான மூலை எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து ஆடுவதற்கென்றே பயிற்சித் தோழர்கள் உண்டு. 1960களிலிருந்து நடக்கிற வழக்கம். முன்னணி வீரர் உண்மையான எதிராளியை எதிர்கொள்வதற்கு முன் அவருடைய நகலோடு மாதக்கணக்கில் ஆடியிருப்பார். இந்த நகல் ஆட்டக்காரர்களில் பலர் வேறு எந்த நாட்டிலும் தேசிய அணியில் இடம் பிடிக்கக்கூடியவர்கள். தங்கள் சொந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்து இன்னொருவராக வாழ்வதே அவர்கள் தொழில். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

ஹரிமோட்டோவிடம் அவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள்? அவர் சர்வீஸை வாங்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். எதிராளி வலைக்குப் பக்கத்தில் குட்டையாகச் சர்வீஸ் போடுகிறார், ஹரிமோட்டோவின் ஃபோர்ஹேண்ட் பக்கம். பழைய ஆட்டக்காரர் அதை மெல்லத் தட்டித் திருப்பிவிடுவார். இவரோ வலது காலை மேஜைக்கு அடியில் நீட்டி, உடம்பை முன்னே சாய்த்து, முழங்கையை உயர்த்தி, மட்டையின் நுனி தன் வயிற்றைப் பார்க்கும்படி மணிக்கட்டை உள்ளே மடக்குகிறார். பிறகு ஒரு சொடுக்கு. பந்தின் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டு பேக்ஹேண்ட் பறக்கிறது. வாழைப்பழம்போல வளைந்து போவதால் ஐரோப்பாவில் ‘பனானா ஃபிளிக்’ என்பார்கள், ஜப்பானில் ‘சிக்கிட்டா’. செக் வீரர் பீட்டர் கோர்பெல் தொடங்கிவைத்தது, ஜாங் ஜிகே ஆயுதமாக்கியது. ஹரிமோட்டோவின் தலைமுறைக்கு அதுதான் அரிச்சுவடி. சர்வீஸ் போட்டவர் தாக்க வேண்டியது போய், வாங்கியவர் தாக்கத் தொடங்கிவிடுவார்.

ஆனால் சாய்ந்த உடம்பு நிமிர வேண்டுமே. குட்டைப் பந்தை எதிர்பார்த்து முன்னே சாய்கிற அந்தக் கணத்தில் நீளமான, வேகமான சர்வீஸ் ஒன்று ஃபோர்ஹேண்ட் மூலைக்கு வந்தால் கை அடைவதற்குள் பந்து போய்விடும். அடித்து ஆடும்போது இன்னொரு இடம்: வலது முழங்கை. பேக்ஹேண்டா ஃபோர்ஹேண்டா என்று உடம்பு முடிவெடுக்கத் திணறுகிற நடுப்பகுதி அது. அங்கே ஒரு பந்து, உடனே அடுத்த பந்து அகலமாக ஃபோர்ஹேண்ட் பக்கம். இரண்டாவது பந்துக்கு அவர் மேஜையிலிருந்து விலகி, காலை அகட்டி, அந்த வளர்ந்தவர்களின் அடியை அடித்தாக வேண்டும். பதினைந்து வயதில் அந்த அடி அவரிடம் இன்னும் முழுதாக உருவாகவில்லை. அவர் எங்கே வலுவோ அங்கே பந்தே வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

2019இல் விளைவுகள் தெரிந்தன. புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் தரவரிசையில் எங்கோ கீழே இருந்த கொரிய வீரர் அன் ஜே-ஹ்யூனிடம் நான்காம் சுற்றில் தோல்வி. செப்டம்பரில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் அணிப் போட்டியில் நம் சென்னை சத்யன் ஞானசேகரன் அவரை 3-0 என்று நேர் செட்களில் சாய்த்தார். இந்தியா அந்தச் சந்திப்பில் 1-3 என்று தோற்றாலும், அந்த ஒரு வெற்றி இங்கே நெடுநாள் பேசப்பட்டது. சத்யனும் மேஜையை ஒட்டி நின்று வேகமான பேக்ஹேண்ட் ஆடுகிறவர்தான். ஹரிமோட்டோவை அவருடைய சொந்த ஆட்டத்தாலேயே வென்றார் என்பதுதான் அதில் சுவாரசியம்: முன்கூட்டித் தொடுகிறவரை அதைவிட முன்கூட்டித் தொட்டு.

இந்தச் சந்திப்பில் எதிரெதிரே நின்றது இரண்டு வேறு பாதைகள். 1993இல் பிறந்த சத்யன் சென்னையில் தகவல் தொழில்நுட்பப் பொறியியல் படித்து முடித்தவர். பயிற்சியாளர் எஸ். ராமனிடம் வளர்ந்து, பெல்ஜியம் ஓபனில் முதல் சர்வதேசப் பட்டத்தை வென்றபோது அவருக்கு 23. 2019இல்தான் உலகத் தரவரிசையில் முதல் 25க்குள் போனார். இந்தியர் எவரும் அதுவரை போகாத இடம். இன்னொரு இந்திய வீரர் சரத் கமலோ இன்னும் ஒருபடி மேல்: காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தை 2006இல் மெல்போர்னில் ஒருமுறையும், நாற்பது வயதில் 2022இல் பர்மிங்ஹாமில் இன்னொருமுறையும் வாங்கினார். நம்மவர்கள் தாமதமாக மலர்வதைப் பொறுமை என்று புகழ்வது எனக்கு உடன்பாடில்லை; பதினான்கு வயதில் உலகத்தரத்தில் ஆடும் வாய்ப்பை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு லாபம் இருந்தது. உலகம் அவர்களைப் படிக்கத் தொடங்கும் முன்பே அவர்கள் ஆட்டம் வளர்ந்து முடிந்திருந்தது. ஹரிமோட்டோ தன் குறைகளை எல்லோருக்கும் முன்னால், கேமராவின் வெளிச்சத்தில் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தைச் சரிவு என்று ஒரே வார்த்தையில் சொல்வதும் தவறு. யோக்யகர்த்தாவுக்குப் பிறகு சில மாதங்களில் செங்டு நகரில் நடந்த உலகக் கோப்பையில் மா லோங்கை அரையிறுதியில் வென்று இறுதிக்குப் போனார். அங்கே சீனாவின் ஃபான் ஜென்டாங்கிடம்தான் தோற்றார். மேலே ஏறுவார், எதிர்பாராத ஒருவரிடம் விழுவார், மறுபடி ஏறுவார். இதைவிடத் தெளிவான அளவுகோல் உள்ளூரில் இருக்கிறது. 2018இல் பதினான்கு வயதில் அகில ஜப்பான் சாம்பியன் ஆனவர், அடுத்த அகில ஜப்பான் பட்டத்தை வென்றது 2024 ஜனவரியில். நடுவில் ஆறு ஆண்டுகள். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போன 2022ஆம் ஆண்டும் இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது! மா லோங்கை வெல்கிறவர் சொந்த நாட்டு வீரர்களை வெல்ல முடியாமல் திணறினார். தினமும் அவரோடு ஒரே கூடத்தில் பயிற்சி செய்கிறவர்களுக்கு நகல் ஆட்டக்காரர் எதற்கு? அசலே கண்முன் இருக்கிறது. 2024 இறுதியில்கூட ஷுன்சுகே டொகாமியிடம் பலமுறை மேட்ச் பாயின்ட்டில் சிக்கி, ஏழாவது செட்டை 16-14 என்று எடுத்துத்தான் தப்பினார்.

ஃபோர்ஹேண்டை மாற்றுவது என்றால் மாதம் முழுவதும் ஒதுங்கி உட்கார்ந்து மாற்றிவிட்டு வருவது அல்ல. குடியிருந்துகொண்டே வீட்டைப் பிரித்துக் கட்டுகிற வேலை அது. பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவே உயரம் கூடுகிறது, கை நீளுகிறது. மேஜையின் உயரம் அதே 76 சென்டிமீட்டர்தான். சின்ன உடம்பில் கண்ணுக்கு நேரே வந்த பந்து இப்போது கீழே வருகிறது. முழங்காலை இன்னும் மடக்க வேண்டும். சிறுவனாகக் கற்ற நேரக்கணக்கு முழுவதும் ஒருமுறை கலைந்து மறுபடி சேர வேண்டும். அதற்கிடையே போட்டி எதையும் தவறவிட முடியாது.

ஏன் முடியாது என்பதற்குக் காரணம் தரவரிசை. இப்போதைய முறையில் ஒருவர் கடந்த பன்னிரண்டு மாதங்களில் பெற்ற சிறந்த எட்டு முடிவுகளைக் கூட்டித்தான் இடம் தருகிறார்கள். ‘கிராண்ட் ஸ்மாஷ்’ எனப்படும் பெரிய போட்டியை வென்றால் 2000 புள்ளி, அதற்கடுத்த ‘சாம்பியன்ஸ்’ வரிசைக்கு 1000, இன்னும் கீழே 600, 400 என்று இறங்கும். வாங்கிய புள்ளி ஓராண்டில் காலாவதி. போன ஆண்டு ஜெயித்த வாரத்தில் இந்த ஆண்டு உட்கார்ந்திருந்தால் இடம் சரியும். இடம் சரிந்தால் குலுக்கலில் முன்னணிச் சீனர் முதல் சுற்றுகளிலேயே எதிரே வந்து நிற்பார். இதோடு கிளப் ஆட்டங்கள் வேறு. ஜப்பானில் டி-லீக் 2018 அக்டோபரில் தொடங்கியபோது ஹரிமோட்டோ அதன் டோக்கியோ அணியில் இருந்தார். சத்யனும் பின்னர் அதே லீக்கில் ஒகயாமா அணிக்காக ஆடினார். ஜெர்மனியின் புண்டஸ்லீகா இன்னொரு பிழைப்பிடம். சரத் கமல் ஆண்டுக்கணக்கில் அங்கே ஆடித்தான் தன் ஆட்டத்தைப் பழுக்கவைத்தார். டிரா, விமானம், ஹோட்டல், புதிய ஊரின் மேஜையும் தரையும், மறுபடி விமானம். 2022இல் ஹரிமோட்டோ வசேடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது இணையவழிப் படிப்பில் என்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்த ஓட்டம் மிகப்பெரியவர்களையே சலிக்கவைத்துவிட்டது. பாரிஸ் ஒலிம்பிக்கின் ஒற்றையர் தங்கங்களை வென்ற ஃபான் ஜென்டாங்கும் சென் மெங்கும் 2024 டிசம்பரில் உலகத் தரவரிசையிலிருந்தே தங்களை விலக்கிக்கொண்டார்கள். கட்டாயப் போட்டிகளில் ஆடாவிட்டால் அபராதம் என்ற விதியை அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். எல்லாம் வென்று முடித்த 27 வயதுக்காரர் அப்படி வெளியேறலாம். வென்றாக வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிற ஹரிமோட்டோவுக்கு அந்தக் கதவு கிடையாது.

ஒலிம்பிக்தான் அந்தப் பாக்கி. டோக்கியோவில் ஒற்றையரில் ஸ்லோவேனியாவின் டார்கோ யோர்கிச்சிடம் ஏழு செட்டில் தோல்வி, அணியில் வெண்கலம். மிசுதானி அத்தோடு ஓய்வுபெற, பதினெட்டு வயதில் ஜப்பான் ஆண்கள் அணியின் முழுச்சுமையும் இவர் தலையில் வந்தது. அடுத்த ஆண்டு செங்டுவில் நடந்த உலக அணி சாம்பியன்ஷிப் அரையிறுதியில் அவர் ஆடியதைச் சீனர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 2001இலிருந்து ஆண்கள் அணிப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத சீனாவை, அவர்கள் மண்ணிலேயே, கடைசி ஆட்டம்வரை இழுத்துச்சென்றது ஜப்பான். வாங் சூச்சின், ஃபான் ஜென்டாங் இருவரையும் ஒரே நாளில் ஹரிமோட்டோ வென்றார். மற்ற மூன்று ஆட்டங்களும் கைநழுவின, ஜப்பான் 2-3. என் கணிப்பில் அவருடைய இரண்டாவது ஆட்டம் வெளியே தெரிந்த முதல் நாள் அதுதான். பழைய அதிரடி அப்படியே இருந்தது. ஆனால் நடுவில் வந்த பந்துக்கு இப்போது பதில் இருந்தது, ஃபோர்ஹேண்ட் மூலைக்குக் கால் போய்ச்சேர்ந்தது.

பாரிஸ் 2024 அந்தக் கணிப்பைப் பொய்யாக்கப் பார்த்தது. ஹினா ஹயாட்டாவோடு ஆடிய கலப்பு இரட்டையரில் இரண்டாம் நிலை அந்தஸ்தோடு வந்து, வடகொரிய ஜோடியிடம் முதல் சுற்றிலேயே தோல்வி. ஒற்றையர் காலிறுதியில் ஃபான் ஜென்டாங். முதல் இரண்டு செட்டும் ஹரிமோட்டோவுக்கு; பிறகு 3-2 என்ற முன்னிலையும் அவருக்கே. ஏழாவது செட்டில் ஃபான் தப்பித்தார், தங்கம்வரை போனார். அந்தத் தொடரில் ஃபானை யாராவது வீழ்த்தும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள் என்றால் அது இந்த ஆட்டத்தில்தான். அணிப் போட்டி அரையிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக ஜப்பான் 2-0 என்று முன்னால் இருந்தது. கடைசி ஆட்டத்தில் ஆன்டன் கால்பெரியிடம் ஹரிமோட்டோ தோற்க, 2-3. வெண்கலத்துக்கான சந்திப்பில் பிரான்ஸிடமும் 2-3. மூன்று பிரிவு, பதக்கம் எதுவுமில்லை. எதிரே இருந்த பிரெஞ்சு அணியின் நட்சத்திரம் ஃபெலிக்ஸ் லெப்ரன் இவரைவிட மூன்று வயது சின்னவர்; 2018இல் ஹரிமோட்டோ இருந்த இடத்தில் இப்போது அவர். உலகம் அவரைப் படிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது.

இரண்டே மாதத்தில் கஜகஸ்தானின் அஸ்தானாவில் ஆசிய சாம்பியன்ஷிப். இறுதியில் எதிராளி சீனாவின் லின் ஷிடாங், 2005இல் பிறந்தவர், அடுத்த சில மாதங்களில் உலக முதலிடத்துக்குப் போகவிருந்தவர். ஹரிமோட்டோ 3-1. ஜப்பானிய ஆண் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது 1974க்குப் பிறகு அதுதான் முதல்முறை. 2025 ஆகஸ்டில் யோகோஹாமாவில் சொந்த ரசிகர்கள் முன்னால் வாங் சூச்சினை இறுதியில் வென்று இன்னொரு பட்டம். இளையவராக இருந்து மூத்தவர்களை அதிர்ச்சிக்குள்ளாக்கிய காலம் போய், புதிதாக வரும் இளையவரைப் படித்து அடக்கும் வேலைக்கு அவர் வந்துசேர்ந்திருந்தார். 2018இன் வெற்றிகளைவிட அஸ்தானாவை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான்.

கடைசி மூன்று ஆண்கள் ஒற்றையர் ஒலிம்பிக் தங்கங்களின் வயதுக் கணக்கைப் பாருங்கள்: ரியோவில் மா லோங் 27, டோக்கியோவில் அதே மா லோங் 32, பாரிஸில் ஃபான் 27. அதற்கு முன் லண்டனில் ஜாங் ஜிகே 24. இருபதுக்குக் கீழே யாருமில்லை. சுற்றுப்போட்டிகளில் பதினான்கு வயதுக்குத் திறக்கிற கதவு, எல்லோரும் எல்லோரையும் நான்கு ஆண்டு படித்துவிட்டு வருகிற ஒலிம்பிக்கில் திறப்பதில்லை. உலக சாம்பியன்ஷிப்பிலும் ஜப்பானிய ஆண்களுக்கு 1979இல் செய்ஜி ஓனோ வென்றதோடு சரி. ஒற்றையர் பட்டம் அதன்பின் வரவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் 2028இல் ஹரிமோட்டோவுக்கு வயது 25 ஆகியிருக்கும். அங்கே ஆண்கள் அணி, பெண்கள் அணி என்ற தனித்தனிப் பிரிவுகள் போய்க் கலப்பு அணிப் போட்டி வருகிறது. இரட்டையர் பிரிவுகளும் திரும்பி வருகின்றன. இந்த மாற்றத்தால் அதிகம் ஆதாயம் பெறக்கூடிய குடும்பம் எது என்று கேட்டால் தயங்காமல் ஹரிமோட்டோ குடும்பம் என்பேன். தங்கை மிவா 2008இல் பிறந்தவர். அண்ணன் வெறுங்கையோடு திரும்பிய பாரிஸில் பெண்கள் அணியில் ஆடி வெள்ளி வாங்கியவர். அப்போது அவருக்குப் பதினாறு. அவரும் மேஜையை ஒட்டி நிற்கிறார், அவரும் பேக்ஹேண்டால்தான் வந்தார். சீனப் பயிற்சிக் கூடங்களில் இப்போது இன்னொரு ஹரிமோட்டோவுக்கும் நகல் தயாராகிக்கொண்டிருக்கும். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.